அனுமதியா, உரிமையா?

தான் எழுதிய சொல் எங்கே போய்ச் சேர்ந்தது, அங்கே அது என்ன காரியம் செய்தது என்பதை அறிந்துகொள்ளும் வாய்ப்பு அரசாங்க மொழிபெயர்ப்பாளனுக்கு மிகவும் குறைவு. ஆங்கிலத்தில் வந்த கைப்புத்தகம் தமிழாகி, அச்சாகி, கட்டுக் கட்டாகத் தபாலில் ஏறிவிட்டால் அவன் வேலை முடிந்தது. அடுத்த கைப்புத்தகம் மேஜைமேல் வந்து காத்திருக்கும். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் என் சொல் ஒன்று என்னிடமே திரும்பி வந்தது. மழையளவு பதியும் நிலையம் ஒன்றில் பணிபுரிந்த கள ஊழியர் எழுதிய கடிதத்தில் அது இருந்தது. விஷயம், சி மொழியில் எழுதப்பட்ட நிரல்களையும் அவை தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் செய்தி வரிசைகளையும் பற்றியது. ஆயினும் குற்றத்தில் ஒரு பாதி என் சொல்லில் இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அந்த நிலையத்தில் இரண்டு நிரல்கள் இருந்தன. ஒன்று, மழைமானியிலிருந்து பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அளவைப் பெற்றுச் செய்தி வரிசையில் போடும். மற்றொன்று, வரிசையிலிருந்து அதை எடுத்து நாளறிக்கை தயாரிக்கும். யந்திரத்தை நிறுவ வந்த தொழில்நுட்பர், 'ரூட்' எனப்படும் நிர்வாகியின் பெயரால் உள்ளே நுழைந்து இரண்டையும் ஓட்டிக் காட்டினார். இரண்டும் நன்றாகவே ஓடின. ரூட்டுக்குப் பூட்டும் இல்லை, கதவும் இல்லை. ஆகவே அவர் பெயரால் ஒரு நிரல் ஓடியது என்பது, பிறர் பெயரிலும் அது ஓடும் என்பதற்குச் சிறிதும் சான்றாகாது. இதை அன்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. தொழில்நுட்பர், அளவைப் போடும் நிரலை ரூட்டின் பெயரிலேயே ஓடவிட்டு ஊர் திரும்பினார்.

மறுநாள் காலையில் கள ஊழியர் தம் சொந்தப் பெயரால் நுழைந்து அறிக்கை நிரலை ஓட்டினார். 'பெர்மிஷன் டினைட்' என்று திரையில் எழுந்தது. அவர் தமிழ்க் கைப்புத்தகத்தைப் புரட்டினார். அந்த ஆங்கிலத் தொடருக்கு எதிரே 'அனுமதி இல்லை' என்று நான் எழுதி வைத்திருந்தேன்.

அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு இவ்விரு சொற்களும் ஒரே பொருளைத்தான் தரும். அவர் மேலதிகாரிக்கு முறைப்படி விண்ணப்பம் எழுதினார். எட்டாம் நாள் அனுமதி வந்தது. கையொப்பமும் முத்திரையும் இருந்தன. யந்திரம் பழையபடியே மறுத்தது. சரி, அந்த வரிசையையே நீக்கிவிட்டு மீண்டும் தொடங்குவோம் என்று 'ஐபிசிஆர்எம்' என்னும் கட்டளையை இட்டார். இம்முறை 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்ற வேறொரு தொடர் வந்தது. மீண்டும் கைப்புத்தகத்தைப் பார்த்தார். அதற்கு எதிரேயும் 'அனுமதி இல்லை' என்றே அடியேன் எழுதியிருந்தேன்!

இதற்கிடையில் மற்றொன்று நேர்ந்தது. லினக்ஸ் அமைப்பில் ஒரு செய்தி வரிசை, வேறு ஏற்பாடு செய்யாவிடில், 16,384 பைட்டு அளவே கொள்ளும். அந்த நிலையத்தின் ஒவ்வொரு செய்தியும் 64 பைட்டு. ஆகவே 256 செய்திகளில் வரிசை நிரம்பிவிடும். பதினைந்து நிமிஷத்துக்கு ஒன்று வீதம் அது 64 மணி நேரம். எடுப்பார் இல்லாமல் வரிசை நிரம்பியதும், போடும் நிரல் இடம் கிடைக்கும் வரை அப்படியே நின்று காத்திருக்கும். அதுதான் அதன் இயல்பு. அது பிழை ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாளே பதிவு நின்றுவிட்டது. மிகுதி நாட்களில் அந்த ஊரில் பெய்த மழைக்குக் கணக்கில்லை.

இனி, செய்தி வரிசை என்பதன் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். 1983ஆம் ஆண்டு வெளிவந்த சிஸ்டம் ஃபைவ் என்னும் யூனிக்ஸ் பதிப்பின் மூலம் இது பரவலாக வழக்குக்கு வந்தது. 'எம்எஸ்ஜி-கெட்' என்னும் சார்பு, வரிசையை உண்டாக்கும் அல்லது முன்பே உள்ளதைத் திறந்து கொடுக்கும். செய்தியைப் போடவும், எடுக்கவும், வரிசையின் நிர்வாகத்துக்கும் வேறு மூன்று சார்புகள் உண்டு. வரிசை இருப்பது நிரலுக்குள் அல்ல, யந்திரத்தின் கெர்னலுக்குள். ஆகவே அதை உண்டாக்கிய நிரல் முடிந்த பின்னும் வரிசை அப்படியே இருக்கும். எவரேனும் நீக்கும் வரை, அல்லது யந்திரத்தை நிறுத்தி மீண்டும் துவக்கும் வரை, அது அழியாது. பெரும்பாலான தொல்லைகளுக்கு இந்த ஓர் இயல்பே மூலம்.

ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் உரிமைப் பதிவு உண்டு. உரிமையாளர் யார், அவருடைய குழு எது, முதலில் உண்டாக்கியவர் யார், அவர் குழு எது என்பனவும், கோப்புகளுக்கு இருப்பதுபோன்ற உரிமை எண்ணும் அதில் எழுதப்பட்டிருக்கும். அவ்வெண்ணில் மூன்று இலக்கங்கள்: முதலாவது உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவினருக்கு, மூன்றாவது மற்றையோருக்கு. 4 என்றால் படிக்கலாம், 2 என்றால் எழுதலாம், 6 என்றால் இரண்டும். கோப்பை இயக்குவதற்குரிய 1 என்னும் மதிப்புக்கு இங்கே வேலையில்லை. வந்தவர் உரிமையாளரோ உண்டாக்கியவரோ ஆனால், முதல் இலக்கம் மட்டுமே பார்க்கப்படும். குழுவைச் சேர்ந்தவரானால் இரண்டாவது மட்டும். இரண்டும் இல்லையெனில் மூன்றாவது. உரிமையாளருக்கு மறுத்ததை மற்றையோர் இலக்கத்திலிருந்து அவர் பெற்றுக்கொள்ள முடியாது.

நம் நிலையத்தின் வரிசை 0600 என்னும் எண்ணோடு, ரூட்டின் பெயரால் உண்டாகியிருந்தது. கள ஊழியர் உரிமையாளரும் அல்லர், குழுவினரும் அல்லர். அவருக்குரிய இலக்கம் சுழி. எத்தனை முத்திரை குத்தினாலும் சுழி சுழிதான்.

தொலைபேசியில் யாரோ அவருக்கு ஒரு யோசனை கூறினார்கள்: 'நிரலில் 0600 என்று இருப்பதை 0666 என்று மாற்றி, மறுபடி தொகுத்து ஓட்டுங்கள்.' அவரும் அறிக்கை நிரலில் அவ்வாறே மாற்றினார். பயனில்லை. ஏனெனில் உரிமை எண் எழுதப்படுவது வரிசை உண்டாகும் அந்த ஒரு கணத்தில் மட்டுமே. வரிசை முன்பே இருக்கும்போது 0666 என்று எழுதினால், அது கொடுக்கும் உரிமையாகாது, கேட்கும் உரிமையாகிவிடும். 'எனக்குப் படிக்கவும் எழுதவும் வேண்டும்' என்று நிரல் கேட்கிறது. 'உனக்கு ஒன்றும் இல்லை' என்று கெர்னல் விடையளிக்கிறது. யந்திரத்தை நிறுத்தித் துவக்கியும் பார்த்தார். பழைய வரிசை அழிந்தது உண்மை. ஆனால் முதலில் எழுந்து ஓடியது போடும் நிரல். அதில் இன்னும் 0600 என்றே இருந்தது. மறுபடியும் அதே வரிசை, அதே மறுப்பு. இரண்டு நிரல்களில் எது முந்திக்கொள்கிறதோ, அதன் சொல்லே சட்டம் என்பதை எந்தப் பாடப் புத்தகமும் போதிய அழுத்தத்தோடு சொல்வதாக எனக்குத் தெரியவில்லை.

கடைசியில், அறிக்கை நிரலையும் ரூட்டின் பெயராலேயே ஓட்டிவிடுவது என்று முடிவாயிற்று. வேலை நடந்தது. ஆனால் அன்று முதல் நாளறிக்கைக் கோப்புகளெல்லாம் ரூட்டுக்குச் சொந்தமாயின. தவறாகப் பதிந்த ஒரு நிலையக் குறியீட்டைத் திருத்தக்கூடக் கள ஊழியரால் இயலவில்லை. அவர் கடிதத்தின் கடைசி வாக்கியம் இது பற்றியதுதான். தம் கையால் தயாராகும் அறிக்கையைத் தாமே திருத்த 'அனுமதி' பெற எந்தப் படிவத்தை அனுப்ப வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார்.

எல்லாருக்கும் எல்லாம் என்னும் 0666, ரூட்டின் பெயர் ஆகிய இவ்விரு மருந்துகளும் நம் நாட்டுக் கல்விச் சாலைகளிலும் அலுவலகங்களிலும் மிகவும் புழங்குகின்றன. இவற்றை நான் ஆட்சேபிக்கிறேன். ரூட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் அபாயம் எல்லாரும் அறிந்தது. 0666 பற்றித்தான் சொல்ல வேண்டும். கோப்புகளோடு பழகிய நமக்கு, 'படிக்கும் உரிமை' என்பது தீங்கற்றதாகத் தோன்றுகிறது. ஒரு சுவரொட்டியைப் பத்துப் பேர் படித்தால் சுவரொட்டிக்கு என்ன குறை? ஆனால் செய்தி வரிசையில் படிப்பது என்றால் எடுத்துக்கொள்வது. ஒருவர் எடுத்த செய்தி பிறகு வரிசையில் இருக்காது. அதற்குப் படிக்கும் உரிமையே போதும். எழுதும் உரிமை தேவையில்லை. ஆகவே கோப்பில் பெரும்பாலும் குற்றமற்றதாகிய 0644 என்னும் எண்கூட, வரிசையில், யந்திரத்தில் நுழையும் எவரும் மழைக் கணக்கை அள்ளிக்கொண்டு போகலாம் என்றே பொருள்படும். அள்ளியவர் தீயவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பரிசோதனைக்காக ஒரு சிறு நிரலை ஓட்டிப் பார்த்த நல்லவராகவும் இருக்கலாம். 0666 என்றால், எடுப்பதோடு பொய்ச் செய்திகளைப் போடவும், வரிசையை நிரப்பி உண்மையான செய்திகளை நிறுத்தவும் கதவு திறந்துவிடப்படுகிறது.

'எங்கள் நிலையத்தில் இருப்பவரே இருவர். யாருக்கு அஞ்ச வேண்டும்?' என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எனினும் நிரல் நிலையத்தோடு நின்றுவிடுவதில்லை. நன்றாக ஓடிய நிரலைப் பிற நிலையங்களும் பிரதி எடுத்துக்கொள்கின்றன. பெரிய யந்திரத்துக்கும் அது போய்ச் சேருகிறது. போகும்போது 0666ஐயும் உடன் கொண்டுபோகிறது.

சரியான வழி கடினமானதும் அன்று. போடும் நிரலுக்கென்று தனியாக ஓர் அமைப்புப் பயனரை ஏற்படுத்தி, அவர் பெயரால் அதை ஓட்ட வேண்டும். அவர் குழுவில் கள ஊழியரைச் சேர்க்க வேண்டும். வரிசையை 0640 என்னும் எண்ணோடு உண்டாக்க வேண்டும். உரிமையாளர் போடுவார், குழுவினர் எடுப்பார், மற்றையோருக்கு ஒன்றுமில்லை. இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கங்கள் சில உண்டு. அறிக்கை நிரல் வரிசையைத் திறக்கும்போது 0660 என்று கேட்கலாகாது. தனக்கு இல்லாத எழுதும் உரிமையையும் கேட்டதாகி, லினக்ஸில் திறக்கும் இடத்திலேயே மறுக்கப்பட்டுவிடும். 0440 என்றோ, வெறும் சுழி என்றோ கேட்டால் போதும். மேலும், வரிசை பெறும் குழு, உண்டாக்கியவரின் நடைமுறைக் குழுவே. அவர் உபரியாகச் சேர்ந்துள்ள குழுக்களில் ஒன்று அதற்குத் தானாக வந்துவிடாது. வேறு குழுவுக்கு மாற்ற வேண்டுமாயின் 'எம்எஸ்ஜி-கண்ட்ரோல்' சார்பினால் மாற்றிக்கொள்ளலாம். ஒருவரைக் குழுவில் சேர்த்தபின் அவர் வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் அது பலிக்கும். இதை அறியாமல் 'சேர்த்தும் பயனில்லை' என்று கைவிட்டு, 0666க்கே திரும்பியவர்கள் எத்தனை பேரோ!

தனிப் பயனர் எதற்கு, கள ஊழியரின் பெயராலேயே வரிசையை உண்டாக்கினால் என்ன என்றும் தோன்றும். லினக்ஸ் அமைப்புகள் சிலவற்றில், சாதாரணப் பயனர் முற்றிலும் வெளியேறியதும் அவருக்குரிய வரிசைகள் தாமாகவே அழிக்கப்படும் ஏற்பாடு உண்டு. மாலையில் அவர் வீடு திரும்பினால் வரிசையும் போய்விடும். அமைப்புப் பயனருக்கு அந்த விதி இல்லை.

இப்பொழுது என் சொல்லுக்கு வருகிறேன். யூனிக்ஸ் மரபில் பிழைகளுக்கு எண்கள் உண்டு. 'பெர்மிஷன் டினைட்' என்பது 13ஆம் எண். 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்பது 1ஆம் எண். ஆங்கிலத்திலேயே இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலிக்கின்றன. ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் இவற்றைக் குழப்பிக்கொள்வதுண்டு. ஆனால் பொருள் வேறு. செய்தி வரிசையில் 13 வந்தால், உரிமை எண்ணில் உமக்குரிய இலக்கம் போதவில்லை என்று அர்த்தம். இலக்கத்தை மாற்றினால் சரியாகும். 1 வந்தால், நீர் உரிமையாளரும் அல்லர், உண்டாக்கியவரும் அல்லர் என்று அர்த்தம். வரிசையை நீக்குவதும், அதன் உரிமை எண்ணைத் திருத்துவதும் அவ்விருவருக்கும் நிர்வாகிக்கும் மட்டுமே உரியவை. அங்கே 0666 என்று இருந்தாலும் பிறரால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த வேறுபாட்டை நன்கு காட்டும் வேடிக்கையான நிலைமை ஒன்று உண்டு. புதிதாகக் கற்பவர்கள், வரிசையை உண்டாக்கும்போது 'உண்டாக்கு' என்னும் குறியை மட்டும் எழுதி, உரிமை எண்ணை எழுத மறந்துவிடுவார்கள். வரிசை உண்டாகிவிடும், எண் கையில் வந்துவிடும், பிழை ஒன்றும் இராது. ஆனால் உரிமை மூன்று இலக்கமும் சுழி. செய்தியைப் போடப் போனால், உண்டாக்கியவருக்கே 13ஆம் எண் மறுப்பு வரும். வரிசையின் நிலையைக் கேட்டறியவும் படிக்கும் உரிமை வேண்டுமாதலால், அதுவும் கிட்டாது. ஆயினும் அவர் அந்த வரிசையை நீக்கலாம்; உரிமை எண்ணையும் மாற்றி எழுதலாம். உள்ளே நுழைய உரிமையில்லாத வீட்டை இடித்துத் தள்ள அதிகாரம் உண்டு! உரிமை ஒன்று, அதிகாரம் மற்றொன்று. இரண்டையும் 'அனுமதி' என்னும் ஒரே மூட்டையில் கட்டியது என் தவறு.

ஆசிரியர்களுக்கு மற்றொரு தவற்றையும் சுட்டிக்காட்ட வேண்டும். சி மொழியில் எண்ணுக்கு முன் சுழி இட்டால் அது எண்ம முறை. இடாவிடில் பதின்ம முறை. 0666 என்பதில் முன்சுழியை விட்டு 666 என்று மாணவர் எழுதினால் என்ன ஆகும்? பதின்ம 666, எண்ம முறையில் 1232 ஆகும். லினக்ஸில் அதன் முதல் இலக்கமாகிய 1, 'உண்டாக்கு' என்னும் குறியோடு தற்செயலாக ஒத்துப்போகிறது. ஆகவே வரிசை உண்டாகிவிடும். மிகுதியாகிய 232 உரிமை எண்ணாகிறது. உரிமையாளருக்கு 2, குழுவுக்கு 3, மற்றையோருக்கு 2; அதாவது, எல்லாரும் போடலாம், ரூட்டைத் தவிர எவரும் எடுக்க முடியாது. உண்டாக்கிப் போட்ட நிரல் வெற்றி பெறும். எடுக்க வந்த நிரல் தோற்கும். மாணவர் எடுக்கும் நிரலையே வரிவரியாக ஆராய்ந்துகொண்டிருப்பார். பிழையோ போடும் நிரலில் ஒரு சுழி இல்லாமையால் வந்தது. இதைக் கரும்பலகையில் ஒருமுறை கணக்கிட்டுக் காட்டினால், அவ்வகுப்பில் இத்தவறு மறுபடி வராது என்று நம்புகிறேன்.

வகுப்பறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. முப்பது மாணவர்கள் ஒரே யந்திரத்தில் நுழைந்து, ஒரே புத்தகத்தின் மாதிரி நிரலை எழுதும்போது, வரிசையின் திறவெண்ணாக 1234 என்றே எல்லாரும் எழுதுவார்கள். முதல் மாணவருக்கு நிரல் ஓடும். இரண்டாமவர் முதல் எல்லாருக்கும் 13ஆம் எண் மறுப்பு. புத்தகத்தில் 0666 என்றிருந்தால் மறுப்பு வராது. ஒருவருடைய செய்தி மற்றொருவருக்குப் போகும். ஒவ்வொருவரும் தத்தம் கோப்பு ஒன்றின் பெயரிலிருந்து 'எஃப்டாக்' என்னும் சார்பினால் திறவெண் பெறுவது இதற்குப் பரிகாரம். ஆனால் இருவர் சேர்ந்து செய்யும் பயிற்சியில் இந்தப் பரிகாரமே நோயாவதுண்டு. ஒருவருடைய இல்லக் கோப்பகம் பிறருக்கு மூடப்பட்டிருந்தால், கூட்டாளியின் நிரல் அதற்குள் இருக்கும் கோப்பைக் காண முடியாது. சார்பு −1 என்று விடை தரும். அந்த விடையைச் சோதிக்காமல் அப்படியே திறவெண்ணாகக் கொடுத்தால், கெர்னல் அதையும் ஒரு திறவெண்ணாக ஏற்றுக்கொண்டு வேறொரு வரிசையை உண்டாக்கிவிடும். ஒருவர் ஒரு வரிசையில் போடுவார். மற்றவர் வேறொரு வரிசையின் வாயிலில் காத்திருப்பார். உரிமைச் சிக்கல்தான், ஆனால் எவ்விடத்திலும் மறுப்புச் சொல் எழாது. மறுப்பு வந்தாலாவது கைப்புத்தகத்தைப் பார்க்கலாம்!

போஸிக்ஸ் முறையில் அமைந்த செய்தி வரிசைகளும் உள்ளன. லினக்ஸில் அவை 2004ஆம் ஆண்டு முதல், கெர்னலின் 2.6.6 பதிப்பிலிருந்து கிடைக்கின்றன. அவற்றுக்கு எண்ணுக்குப் பதில் சாய்கோட்டில் தொடங்கும் பெயர் உண்டு. அவற்றிலும் உரிமை இலக்கங்கள் உண்டு; ஆனால் 'யூமாஸ்க்' எனப்படும் பயனரின் கழிவெண் அவற்றில் குறுக்கிடும். கழிவெண் 022 ஆக இருந்தால், நிரலில் 0666 என்று எழுதியும் வரிசை 0644 ஆகவே பிறக்கும். சிஸ்டம் ஃபைவ் வரிசைகளுக்கு இந்தக் கழிவு இல்லை. ஒன்றில் பழகியவர் மற்றொன்றுக்கு மாறும்போது, 'எழுதியது 0666, மறுக்கிறதே' என்று திகைப்பது இதனால்தான். மற்றொன்று: வரிசையின் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட சாய்கோடுகள் இருந்தாலும் லினக்ஸ் இதே 13ஆம் எண் மறுப்பையே தருகிறது. அங்கே உரிமைக்கும் மறுப்புக்கும் சம்பந்தமே இல்லை, பெயர்தான் பிழை. இது மொழிபெயர்ப்பாளன் செய்த குற்றம் அன்று. அமைப்பை எழுதியவர்களே சொல்லைச் சிக்கனமாகப் பயன்படுத்திவிட்டார்கள்.

ஆகவே 13ஆம் எண்ணுக்கு 'அணுகும் உரிமை இல்லை' என்றும், 1ஆம் எண்ணுக்கு 'இச்செயலுக்கு அதிகாரம் இல்லை' என்றும் தமிழாக்கம் செய்யலாம் என்பது என் கருத்து. இதை ஆட்சேபித்த நண்பர் ஒருவர், அதிகாரம் என்றால் மேலதிகாரியின் நினைவு வாராதோ என்று கேட்டார். வரும், வரட்டும். வரிசையின் உரிமையாளரையோ நிர்வாகியையோ தேடிப் போக வேண்டிய இடம் அது. அங்கே ஒரு மனிதரிடம் போய்க் கேட்பதே பரிகாரம். முதற் பிழையில் அவ்வாறு கேட்பதற்குமுன் பார்க்க வேண்டியது வேறு: 'ஐபிசிஎஸ்' என்னும் கட்டளையை இட்டால், திறவெண், உரிமையாளர் பெயர், உரிமை எண், தேங்கியுள்ள பைட்டுகள், செய்திகளின் எண்ணிக்கை ஆகிய யாவும் ஒரே வரியில் தெரியும். நம் கள ஊழியர் முதல் நாளே இதைப் பார்த்திருந்தால், உரிமையாளர் ரூட் என்பதும், எண் 600 என்பதும், செய்திகள் ஏறிக்கொண்டே போவதும் அவர் கண்ணில் பட்டிருக்கும். அந்தக் கட்டளையைப் பற்றிய பத்தியும் கைப்புத்தகத்தில் இருந்தது. பின்னிணைப்பில், சிறிய எழுத்தில்.

அந்த நிலையத்தில் இப்போது தனிப் பயனரும் குழுவும் 0640ம் வந்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். ரூட்டின் பெயரால் உண்டான பழைய அறிக்கைகளையும் அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பதியாமற்போன அந்த நாட்களுக்குரிய கட்டங்களில் கோடு இழுத்துவிட்டிருக்கிறார்.

கைப்புத்தகத்தின் மறுபதிப்பில் இரண்டு சொற்களும் பிரிக்கப்பட்டுவிட்டன. பழைய பிரதி வைத்திருக்கும் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் பிழைப் பட்டியலை எடுத்து, 13 என்னும் எண்ணுக்கு எதிரே 'அணுகும் உரிமை இல்லை' என்றும், 1 என்னும் எண்ணுக்கு எதிரே 'இச்செயலுக்கு அதிகாரம் இல்லை' என்றும் மையினால் திருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.